ஏப்ரலில் வரும் சூட்கேசும் கையிலுள்ள 20,000 ரூபாயும்: நர்சரிக்கு எதை வாங்குவது?

சக்கையும் மாங்காயும் பழுக்கிற ஏப்ரல் மாதத்தில்தான் எங்கள் குமரி மாவட்டப் பக்கம் புத்தகக் கம்பெனி ஆட்களும் வருவார்கள். தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் வரை ரோட்டோரம் எத்தனை நர்சரி உண்டோ அத்தனையிலும் ஏறி இறங்கி, சூட்கேசைத் திறந்து மேசையில் பரப்பிவிடுவார்கள். பளபளப்பான ஒன்பது புத்தகம், டீச்சருக்கு ஒரு கையேடு, போனில் ஒரு ஆப், வருஷக் கடைசியில் பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கியும் குஞ்சம் தொங்கும் தொப்பியும். "நீங்க ஒண்ணும் யோசிக்க வேண்டாம் டீச்சர், எல்லாம் இதுலயே இருக்கு" என்பார்கள்.

எனக்கு இருப்பது சின்ன நர்சரி. இரண்டரை வயதிலிருந்து ஐந்து வரை 31 பிள்ளைகள், நானும் இன்னொரு டீச்சரும், ஒரு ஆயாவும். அம்மாமாரில் பாதிப்பேர் விடிகாலையிலேயே ரப்பர் பால் வெட்டவோ அண்டியாபீசுக்கோ (முந்திரி ஆலை) போகிறவர்கள். ஏழரை மணிக்கே பிள்ளைகள் வந்து இறங்கிவிடும். போன வருஷக் கணக்கை முடித்தபோது கையில் மிஞ்சியது 20,000 ரூபாய். அதை எதில் போட்டால் பிள்ளைகளின் வளர்ச்சிக்கு உருப்படியாக உதவும் என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கம்பெனித் தொகுப்பு, அரசு போட்ட பாடத்திட்டம், மரச் சாமான், படக்கதைப் புத்தகம், டிவி, வளர்ச்சியைப் பார்க்கும் அட்டைகள், நமக்கே ஒரு படிப்பு என எல்லாமே போட்டியில் இருந்தன. இதே கணக்கில் உட்கார்ந்திருக்கும் மற்ற டீச்சர்மாருக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கம்பெனித் தொகுப்பை இரண்டு வருஷம் நான் வாங்கியிருக்கிறேன். அதனால் அதைப்பற்றிக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு. நல்லதைச் சொல்லும் கடமையும் உண்டு. முதல் வசதி, நம் பையிலிருந்து பைசா போகாது. பிள்ளைக்கு 1,800 ரூபாய் என்றால் பெற்றோர் கட்டிவிடுவார்கள், நமக்குக் கமிஷனும் வரும். இரண்டாவது, புதிதாக வந்த டீச்சருக்கு அது ஒரு ஊன்றுகோல். எங்களிடம் வந்தவள் டிகிரி முடித்த கையோடு வந்த பெண். ஜூன் முதல் வாரம் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்து அழும்போது, "இன்றைக்கு இந்தப் பாட்டு, அப்புறம் இந்தப் பக்கம்" என்று ஒரு கையேடு சொன்னால் அவளுக்கு உயிர் வரும். அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

சிக்கல் பிள்ளைகளிடம் ஆரம்பித்தது. 'மீன்' என்ற பக்கத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் ஒற்றைத் தங்கமீன். எங்கள் பிள்ளைகளுக்குச் சாளை தெரியும், அயிலை தெரியும், நெத்திலி தெரியும், சூரையின் தலையைத் தனியாகக் காட்டினாலும் சொல்லிவிடும். ஒரு பொடியன் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இது எந்த மீனு டீச்சர்? பொரிக்கதா, கறி வைக்கதா?" அந்தக் கேள்விக்கு மேல் அன்று வேறு பாடம் தேவைப்படவில்லை. ஐந்து நிமிஷம் எல்லாரும் மீன் பேரும் மீன் விலையும் பேசினோம். கையேட்டில் அதற்கு இடமில்லை. "மீனுக்கு ஆரஞ்சு வண்ணம் தீட்டுக" என்றுதான் இருந்தது.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பிப்ரவரியில் பெற்றோர் வந்து புத்தகத்தைப் பார்க்கும் நாள். மூன்றரை வயதுப் பிள்ளைகளின் எழுத்துப் புத்தகத்தில் பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. முந்தின இரவு உட்கார்ந்து, பிள்ளை எழுதியதுபோலக் கோணலாக வரவேண்டும் என்று இடது கையால் நானே எழுதி நிரப்பினேன். பெற்றோருக்கு ரொம்பத் திருப்தி. 1,800 ரூபாய்க்கு அவர்கள் வாங்கிப்போனது என் இடது கை எழுத்து.

பிள்ளைகள் மந்தம் என்பதல்ல விஷயம். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. வளர்ச்சிப் படிகளின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். அதில் மூன்று வயதுக்குச் சொல்வது, நாம் வரைந்து காட்டினால் ஒரு வட்டம் போடுவது. பென்சிலை முஷ்டியால் பிடிக்காமல் விரல்களுக்கும் பெருவிரலுக்கும் இடையே பிடிப்பது நான்கு வயதில். தன் பெயரின் சில எழுத்துகளை எழுதுவது ஐந்து வயதில். அந்தந்த வயதில் நான்கில் மூன்று பிள்ளைகளாவது செய்யக்கூடியதையே அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நம் தொகுப்புகளோ மூன்றரை வயதில் கூட்டெழுத்தில் நான்கு வரிக் கோட்டுக்குள் எழுதச் சொல்கின்றன. 2022 அக்டோபரில் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும், மூன்றிலிருந்து ஆறு வயது வரை பிள்ளைகளுக்கென்று பாடப்புத்தகமே வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அதற்கு அடிப்படையான புதிய கல்விக் கொள்கை என்றாலே நம் ஊரில் ஆயிரம் சண்டை உண்டு. இந்த ஒரு வரியில் எனக்குச் சண்டை இல்லை.

சரி, அடுத்தது அரசு தயாரித்தவை. அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியது. அரை நூற்றாண்டு அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று ஒரு பாடத்திட்டம் உண்டு. தலைப்பு வாரியாகப் பாட்டு, கதை, விளையாட்டு, கைவேலை, கூடவே பிள்ளை எதைச் செய்கிறது என்று குறித்துவைக்க வயது வாரியான மதிப்பீட்டு அட்டை. எங்கள் தெருமுனைப் பாலவாடி டீச்சரிடம் (இங்கே இன்னும் பாலவாடிதான்) போய் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். அவர் ஒரே அறையில் மூன்று வயதுப் பிள்ளையையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு நடத்துகிறவர். கம்பெனித் தொகுப்பு பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பிரித்து வைத்திருப்பதாக நினைத்து எழுதப்பட்டது. என் அறையோ அவர் அறை மாதிரி. அங்கேயே பாதி முடிவு எடுத்துவிட்டேன்.

மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024-இல் வெளியிட்டவை இரண்டு. மூன்றிலிருந்து ஆறு வயதுக்கு 'ஆதார்சிலா', பிறந்ததிலிருந்து மூன்று வயதுக்கு 'நவசேதனா'. முதலாவது வாரத் திட்டமாகப் போகிறது. இரண்டாவதில் 36 மாதத்துக்கும் மாதம் மாதமாக மொத்தம் 140 செயல்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கும். நான் ஆதார்சிலாவை அகராதி மாதிரி வைத்திருக்கிறேன். ஒரு வாரத் திட்டத்தை எழுதி முடித்தபின், ஓட்டம், பேச்சு, கணக்கு, கைவேலை, கூடி விளையாடுவது என்று எல்லாம் அதில் வந்திருக்கிறதா என்று ஒத்துப்பார்ப்பேன். வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிற அம்மாமாருக்கு நவசேதனாவிலிருந்து அந்த மாதத்துக்கானதை வாயாலேயே சொல்லி அனுப்புவேன்.

இலவசத்துக்கும் விலை உண்டு. கம்பெனிப் புத்தகத்தைத் திறந்தால் போதும். இதில் முந்தின நாளே பொருள் சேர்க்க வேண்டும். அப்புறம், வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட ஒன்றும் இருக்காது. "பாலவாடிப் பாடத்துக்கா டீச்சர் ஃபீஸ் கட்டுகோம்?" என்று ஒரு அப்பா நேருக்கு நேர் கேட்டார். 2019-இல் அரசே நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று பெயர் வைத்துத் தொடங்கியது என்றால், அந்தப் பெயர்களுக்கு வீடுகளில் எவ்வளவு மவுசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவரோடு நான் வாதம் செய்யவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்து அரைமணி நேரம் மூலையில் உட்காரச் சொன்னேன். சிரட்டையில் தண்ணீர் மொண்டு, ஒரு பெரிய பாட்டிலுக்கு எத்தனை சிரட்டை என்று அவர் மகள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்றில் ஒருமுறை, பன்னிரண்டில் ஒருமுறை முடிந்தது. "ஏன் மாறுது?" என்று அவளே கேட்டாள். அப்பா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பொருள் சேர்ப்பதில் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கஷ்டமே கிடையாது. சிரட்டை, பனையோலை, சிப்பி, புளியங்கொட்டை, கொச்சாங்காய் எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஒரு எச்சரிக்கை மட்டும். முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடிக்குருவும், சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியும் ஒன்று போலத் தெரியும். குன்றிமணியில் இருப்பது கொல்லும் நஞ்சு. ஓடு உடைந்த ஒரு மணியைப் பிள்ளை மென்றாலே ஆபத்து. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு எண்ணக் கொடுத்த ஒரு வகுப்பை நான் பார்த்திருக்கிறேன். ரப்பர் கொட்டையும் வேண்டாம், பச்சையாகத் தின்றால் அதுவும் விஷம். மூன்று வயதுக்குக் கீழே என்றால் மஞ்சாடிக்குருவும் கூடாது. தொண்டையில் சிக்கும், மூக்கில் போட்டுக்கொள்ளும்.

மரச் சாமானுக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிகம் காசும் இழந்தேன், அதிகம் படித்தும் கொண்டேன்.

மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அதனாலோ என்னவோ தமிழ்நாட்டில் எந்த நர்சரிக்கும் மாண்டிசோரி என்று பலகை மாட்டினால் ஒரு கௌரவம். அவருடைய சாமான்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இளஞ்சிவப்புக் கோபுரம்: பத்துக் கனச் சதுரங்கள், மிகச் சிறியது ஒரு சென்டிமீட்டர், மிகப் பெரியது பத்து சென்டிமீட்டர். முழு செட்டுக்கு விலை கேட்டுப் பார்த்தேன், நமக்குக் கட்டாது. பக்கத்தில் தச்சு வேலை செய்கிற அண்ணனிடம் கோபுரம் மட்டும் செய்யச் சொன்னேன். ரப்பர் மரத்துண்டு சும்மா கிடந்தது, அதிலேயே செய்துகொடுத்தார். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் ஆறாவதும் ஏழாவதும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பெரியவர் கண்ணுக்கு அது சின்ன விஷயம். பிள்ளைக்கு அங்கேதான் விளையாட்டே. வரிசை தப்பினால் கோபுரமே காட்டிக்கொடுக்க வேண்டும், டீச்சர் சொல்லித் திருத்தக் கூடாது என்பதுதான் அந்தச் சாமானின் சூட்சுமம். அளவு பிசகிய கோபுரத்தில் பிள்ளை என் முகத்தைப் பார்த்து "சரியா?" என்று கேட்டது. சாமான் தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

அதோடு முடியவில்லை. எடவப்பாதி என்கிற ஜூன் மழை, அப்புறம் ஐப்பசி மழை என்று இரண்டு மழையும் வாங்குகிற ஊர் இது. டிசம்பரில் பார்த்தால் கட்டைக்கு அடியில் வெள்ளைப் பொடி. ரப்பர் மரத்தில் மாச்சத்து அதிகம், மருந்தில் ஊறவைத்துப் பதப்படுத்தாவிட்டால் பூஞ்சையும் வண்டும் விடாது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு இது தெரியாமல் இருந்தது என் தப்பு. மருந்து வைத்துத் தரவில்லை என்று அந்த அண்ணனிடம் சண்டை போட்டதும் என் தப்பு.

இரண்டாம் தடவை வேறு வழி பிடித்தேன். நியூயார்க்கில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை நூறு வருஷத்துக்கு முன் வடிவமைத்த அலகுக் கட்டைகள். அடிப்படைக் கட்டையின் கனம் 1⅜ அங்குலம், அகலம் அதற்கு இரட்டி 2¾, நீளம் அதற்கும் இரட்டி 5½. அவர் காப்புரிமை வாங்கவில்லை, அதனால் யார் வேண்டுமானாலும் அறுத்துக்கொள்ளலாம். பாதிக் கட்டை, இரட்டைக் கட்டை, நான்கு மடங்குக் கட்டை என்று எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். 'இரண்டு பாதி சேர்ந்தால் ஒன்று' என்பதை நாம் சொல்லாமலே பிள்ளை கண்டுபிடிக்கும். அயனி மரத்தில் செய்தோம். கொஞ்சம் பிசகினாலும் மாண்டிசோரிக் கோபுரம் மாதிரி உயிர்போகாது. ஒரே நேரத்தில் ஐந்து பிள்ளைகள் விளையாடலாம். சண்டையும் வரும், அந்தச் சண்டையைத் தீர்க்கவும் கற்றுக்கொள்ளும். கோபுரம் ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை. பயிற்சி பெற்ற டீச்சரும் அமைதியான அறையும் இருக்கிறவர்கள் மாண்டிசோரிச் சாமானை வாங்குங்கள், அது தவம் மாதிரி. என் வீட்டுக்கூடத்துக்கு அலகுக் கட்டைதான் சரி. எங்கள் பிள்ளைகள் முதலில் கட்டியது ஆரல்வாய்மொழியில் மின்சாரம் எடுக்கிற காற்றாடி.

படக்கதைப் புத்தகத்தை நான் கடைசியில் வைத்திருந்தேன், அதுதான் முதலில் வந்தது. தமிழில் சிறுபிள்ளைகளுக்கான படக்கதைக்கு இப்போது பஞ்சமில்லை. சென்னையின் துளிகா பதிப்பகம் 1996-லிருந்து படக்கதைகள் போடுகிறது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழிப் புத்தகங்களும் உண்டு. ஆங்கிலம் கேட்கிற பெற்றோருக்கு இவற்றைக் காட்டினால் வாயை அடைத்துவிடலாம். நேஷனல் புக் டிரஸ்டின் புத்தகங்கள் விலை மலிவு. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். அவற்றை எடுத்து அச்சடிக்கலாம், பகிரலாம், நாமே மாற்றியும் எழுதலாம். கதை எழுதியவர், படம் போட்டவர் பெயரை மறக்காமல் போட வேண்டும். முதல் நிலைக் கதை என்றால் 250 சொல்லுக்குள் முடிந்துவிடும்.

மாற்றி எழுதலாம் என்பது நமக்கு எவ்வளவு பெரிய வசதி என்று சொல்கிறேன். புத்தகத்தில் 'பலாப்பழம்' என்று இருக்கும். எங்கள் பிள்ளைக்கு அது சக்கை. 'மரவள்ளிக் கிழங்கு' இங்கே மரச்சீனி, 'முந்திரிப் பழம்' கொல்லாம்பழம். பாதிக்கதையில் பிள்ளை அந்நியமாகி நிற்கிறது. நான் முதல் நாள் சக்கை என்றே படிப்பேன், மூன்றாம் நாள் "இதைப் பலாப்பழம்னும் சொல்லுவாவ" என்று சேர்ப்பேன். வீட்டுத் தமிழில் காலூன்றிப் புத்தகத் தமிழுக்கு ஏறுவதில் பிள்ளைக்குப் பயமே இல்லை. சிலர் வீட்டில் மலையாளமும் கலந்து பேசுகிறார்கள், அதையும் நான் திருத்துவதில்லை.

அச்சடித்ததற்கும் வாங்கியதற்கும் வித்தியாசம் உண்டு. வீட்டு பிரிண்டரில் அடித்து லேமினேஷன் போட்டால் பத்துப் பக்கக் கதைக்கே நல்ல செலவு. மை தீர்ந்தால் யானை ஊதாவாகிவிடும். அதனால் திரும்பத் திரும்பப் படிக்கிற பத்துப் பதினைந்து கதையைப் புத்தகமாக வாங்கிவிடுவது லாபம். சும்மா முயன்று பார்க்க வேண்டியதைப் போனில் திறந்து, படத்தைக் காட்டி, நாமே படிக்கலாம்.

டிவி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிநாட்டிலிருக்கும் ஒரு அப்பா 43 அங்குல டிவி வாங்கித் தருவதாகச் சொன்னார், இலவசம். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் போன் ஏற்கெனவே தின்றுவிடுகிறது. சி.டி.சி. பட்டியலில் ஐந்து வயதுப் பிள்ளை ஒரு வேலையில் ஐந்து முதல் பத்து நிமிஷம் கவனமாக இருக்கும் என்று எழுதி, திரை பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது என்றும் அடைப்புக்குள் போட்டிருக்கிறார்கள். டிவிக்குப் பதிலாக முற்றத்துக்கு ஒரு லோடு மணல் கேட்டேன். ஆற்று மணலா என்றார். பாதுகாப்பான மணல் எதுவானாலும் சரி என்றேன். வந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் பிள்ளைக்குக் கொடுப்பவை. டீச்சர் கண்ணுக்குக் கொடுக்க வேண்டியவைதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். அவற்றுக்குக் காசும் கிட்டத்தட்ட இல்லை.

மூன்று உண்டு. ஒன்று, எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கும் தாய் சேய் நல அட்டை. தடுப்பூசித் தேதிக்கு மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அதில் எடை வரைபடமும், மூன்று வயது வரைக்கும் பிள்ளை என்னென்ன செய்யும் என்ற படங்களும் இருக்கின்றன. பிள்ளையைச் சேர்க்கும்போது அந்த அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாட்டிக்கும் புரியும் படம் அது. மூன்று வயதோடு முடிந்துவிடுவதுதான் நமக்கு இடைஞ்சல்.

இரண்டு, மேலே சொன்ன சி.டி.சி. பட்டியல். இரண்டு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை போகிறது. பழகுவது, பேசுவது, யோசிப்பது, உடம்பை அசைப்பது என்று பிரித்திருக்கும். பெற்றோரோடு உட்கார்ந்து பேச இதைவிட நல்லது கிடையாது. ஆனால் அப்படியே எடுக்கக் கூடாது. மூன்று வயதில் 'முள்கரண்டியால் சாப்பிடும்' என்று ஒரு வரி. இந்த ஊரில் அறுபது வயதிலும் அது நடக்காது! நான் அந்த இடத்தில் 'சோற்றைத் தானே பிசைந்து சிந்தாமல் வாயில் வைக்கும்' என்று எழுதிக்கொண்டேன். அது என் வசதிக்கான மாற்றம், ஆராய்ந்து சரிபார்த்தது ஒன்றுமில்லை என்பதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

மூன்று, நம் பக்கத்து வீட்டுச் சரக்கு. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டை. டாக்டர் எம்.கே.சி. நாயரும் குழுவினரும் 1991-இல் வெளியிட்டது. 17 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படுக்கைக் கோட்டுப் பட்டை. பட்டையின் இடது முனை, சில பிள்ளைகள் அதைச் செய்யத் தொடங்கும் வயது. வலது முனை, கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் செய்துவிடும் வயது. பிள்ளையின் வயது மாதத்தில் எங்கே வருகிறதோ அங்கே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கமே முடிந்துபோன பட்டைகளில் ஏதாவது ஒன்றைப் பிள்ளை செய்யவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்பு. அவ்வளவுதான். சில நிமிஷத்தில் முடியும். மணி, பந்து மாதிரி ஒன்றிரண்டு சாமான் போதும். முதல் அட்டை இரண்டு வயது வரைதான். பின்னால் ஆறு வயது வரைக்கும் நீட்டிய அட்டையும் அதே மையத்திலிருந்து வந்தது. பேச்சுக்கென்று மூன்று வயது வரைக்கும், மூன்றிலிருந்து ஆறு வரைக்கும் தனித்தனி அட்டையும் உண்டு. நர்சரிக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டியது அந்தப் பெரிய அட்டைகளைத்தான்.

எது மேல் என்றால், எனக்குத் திருவனந்தபுரம் அட்டை. சி.டி.சி. பட்டியலில் 'இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று நம் மனம் இடம் தேடும். பென்சில் இடம் தராது. எங்களிடம் மூன்று வயதைத் தாண்டிய ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவள் பேச்சு அவள் பாட்டியைத் தவிர ஒருத்தருக்கும் புரியாது. "எங்க குடும்பத்துல எல்லாம் பைய தான் பேசும்" என்று பாட்டி சமாதானம் சொன்னார், நானும் நம்பி ஒரு டெர்ம் போக்கினேன். பேச்சு அட்டையில் பென்சிலை வைத்தபோது இடப்பக்கம் அவள் செய்யாத இரண்டு பட்டை நின்றது. காது பரிசோதனையில் நடுக்காதில் நீர் கோத்திருந்தது தெரிந்தது. சிகிச்சைக்குப் பின் மூன்று மாதத்தில் வகுப்பில் அவளை அடக்க முடியவில்லை. அட்டை நோயைக் கண்டுபிடிக்கவில்லை, அது அதன் வேலையும் அல்ல. என்னைச் சும்மா இருக்க விடவில்லை, அவ்வளவுதான்.

அங்கன்வாடிப் பிள்ளைகளை 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் சிறார் உடல்நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து பார்க்கும். தனியார் நர்சரி அந்தக் கணக்கில் வராது. எனவே பார்ப்பதும் அனுப்புவதும் நம் பொறுப்பு. நாங்கள் அனுப்புவது ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. அனுப்பும்போது வாயால் சொல்லாமல், பிள்ளை எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை, எத்தனை நாளாகப் பார்த்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வரிசையில் நின்று களைத்த அம்மா உள்ளே போனதும் பாதியை மறந்துவிடுவார்.

படிப்பு என்று பார்த்தால், தொலைநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் முன்பருவக் கல்விக்கு டிப்ளமா இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் சேரலாம், குறைந்தது ஒரு வருஷம். என் உதவி டீச்சரை அடுத்த வருஷம் சேர்க்க எண்ணியிருக்கிறேன். அதன் பாடங்களை ஈஞான்கோஷ் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் தேவைப்படாத என்னைப் போன்றவர்களுக்கு அதுவே தாராளம். ஒருநாள் பயிலரங்குகளுக்கு நான் காசு கட்டுவதை விட்டுவிட்டேன். பிரியாணி நன்றாக இருக்கும்.

ஆக, 20,000 ரூபாய் இப்படிப் போனது: அயனிக் கட்டைகளுக்கு 7,500, புத்தகங்களுக்கு 6,000, களிமண், பெரிய கிரேயான், தாள், கயிறு, பந்துக்கு 3,000, அட்டைகளை அச்சடித்து லேமினேஷன் போட 1,500. மீதி 2,000 கையில் இருக்கட்டும் என்று வைத்தேன். பாடத்திட்டத்துக்குச் செலவில்லை. கம்பெனி ஆளிடம் ஆசிரியர் கையேட்டை மட்டும் தனியாகத் தருவாரா என்று கேட்டேன், தரமாட்டார்களாம். வருஷம்தோறும் டீச்சர் மாறுகிற நர்சரி உங்களுடையது என்றால், ஒரு வருஷம் தொகுப்பை வாங்கி கையேட்டை வைத்துக்கொண்டு எழுத்துப் புத்தகத்தை மூலையில் போடுங்கள் என்றுகூடச் சொல்வேன். கையில் 5,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் முழுதையும் புத்தகத்தில் போடுங்கள். கட்டைக்குப் பதில் தச்சுப் பட்டறையில் தேய்த்து வாங்கிய கழிவுத்துண்டு ஒரு வருஷம் தாங்கும்.

வளர்ச்சி அட்டையை ஜூனில் எடுக்காதீர்கள். புது இடத்தில் அழுகிற பிள்ளை தெரிந்ததையும் செய்யாது. ஜூலையில் ஒருதடவை, ஜனவரியில் ஒருதடவை போதும். ஒரு விஷயத்தில் மட்டும் நான் முதல் வருஷம் ஏமாந்தேன். "பிள்ளைக்கு நாலு நடக்கு டீச்சர், ஒரு எழுத்து எழுத மாட்டேங்கான்" என்று ஒரு அம்மா சொன்னதும், நான்கு வயது என்று நினைத்துப் பென்சிலை 48-ஆம் மாதத்தில் வைத்துவிட்டேன். இடப்பக்கம் அவன் செய்யாத பட்டை நாலைந்து. பயந்துபோய் வீட்டுக்குப் போன் போட்டேன். பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால் மூன்று முடிந்து இரண்டு மாதம், நான்கு 'நடக்கிறது'. பென்சிலை 38-க்கு நகர்த்தினேன், அப்படி ஒரு பட்டையும் இடப்பக்கம் இல்லை. இந்த வருஷம் சேர்க்கைப் படிவத்தில் 'வயது' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு 'பிறந்த தேதி' என்றும், கீழே 'குறைமாதமா? எத்தனை வாரம்?' என்றும் போடச் சொன்னேன். அச்சகத்தில் 300 ரூபாய் ஆயிற்று. அந்த 2,000-இல் முதல் செலவு அது.